துணைக்குப் போனவள்

வலிக்காத முழங்காலில் பதுருன்னிசா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மங்களம் சுவரில் முதுகைச் சாய்த்து, சேலையை முழங்காலுக்குச் சற்று மேலே ஏற்றிவிட்டு, எப்போது முகத்தைச் சுளிக்க வேண்டும் என்று கவனித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் முழங்கால் சில்லுக்கு அடியில் அழுந்தியபோது சுளித்தாள். உடனே அந்த விரல் மெதுவானது.

“இங்கியாக்கா?”

“ம்.”

“நீர் கோத்திருக்கும். ராத்திரி துணி சுத்திக்கிட்டுப் படுங்க. கீழ எறங்கி வாங்க வேண்டிய சாமான் எதுவா இருந்தாலும் ஆயிஷாகிட்ட சொல்லுங்க, அவ ஓடிப்போய் வாங்கிட்டு வருவா.”

தைல வாசனை பலகைத் தடுப்பைத் தாண்டி அடுத்த அறைக்கும் போயிருக்கும். டன்லப் ஸ்திரீட்டில் அந்தக் கடைவீட்டின் மாடி முழுக்கப் பலகைத் தடுப்புகள்தான். ஒரு குடும்பம் தும்மினால் இன்னொரு குடும்பத்துக்குக் கேட்கும். நடையும் கேட்கும். அதனால் மங்களம் சில வாரங்களாக மாடியில் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். படியிறங்கித் தெருவுக்குப் போனதும் இரண்டு காலும் ஒழுங்காகிவிடும். ஒரு நாள் எந்தக் காலை இழுக்க வேண்டும் என்று மறந்து படி நடுவில் நின்றுவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் காது மடல் சுட்டது.

பதுருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, “சரியானதும் சொல்லுங்கக்கா. அவசரமில்லை. தையல் டீச்சரம்மா எங்க போயிடப் போறாங்க,” என்று சிரித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு மங்களம் கொடியில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து முழங்காலை அழுந்தத் துடைத்தாள். எரிச்சல் போகவில்லை.

தையல் வகுப்பைத் தேடி அலைந்ததெல்லாம் பதுருன்னிசாவுக்காகத்தான். கடையநல்லூரிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய புதிதில் அவள் மாடிப்படியைக்கூடப் பயந்து பயந்துதான் இறங்குவாள். மார்க்கெட்டில் மீன்காரச் சீனனிடம் மலாயில் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தது மங்களம். ஆயிஷா பிறப்பதற்கு கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அவள்தான். “மங்களக்கா இல்லைன்னா நான் கண்ணு தெரியாதவ மாதிரி,” என்று பதுருன்னிசா யாரிடமும் சொல்வாள். அதைக் கேட்கும்போது மங்களத்துக்கு உள்ளே இதமாக இருக்கும்.

ஆயிஷா வளர ஆரம்பித்ததும் பதுருன்னிசாவுக்கு ஒரே நினைப்பு. பிள்ளையின் சட்டையைத் தானே தைக்க வேண்டும். கடை முன்னால் கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில் மெஷின் போட்டிருக்கும் தையல்காரர் முன்னால் பெண் பிள்ளையை நிறுத்தி அளவெடுக்க அவளுக்கு மனசில்லை. முதலில் சிராங்கூன் ரோட்டில் மெஷின் விற்கும் கடைக்குப் போனார்கள். மெஷின் வாங்கியவர்களுக்குத்தான் வகுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து, தேவாலயத்தை ஒட்டிய ஒரு கூடத்தில் வெள்ளைக்கார அம்மாள் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு வெயிலில் நடந்தார்கள். அங்கே எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. பதுருன்னிசா கதவருகில் நின்று, மேசைமேல் விரித்திருந்த துணியையும் அதில் சாக்பீஸ் போட்ட கோடுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மங்களம் முழங்கையைப் பிடித்து இழுத்துத்தான் கூட்டிவர வேண்டியிருந்தது.

கடைசியில் பிள்ளைகளுக்கு ஊசி போட வந்த நர்ஸ்தான் சொன்னாள். ரேஸ் கோர்ஸ் ரோட்டைத் தாண்டி, திடலின் ஓரத்தில் புதிதாகச் சமூக நிலையம் திறந்திருக்கிறார்கள். ஒன்றுமே தெரியாத பெண்களுக்கு அங்கே தையல் வகுப்பு உண்டு, அதே கூடத்தின் மறுபக்கம் பிள்ளைகளுக்குக் கம்பளிப் பின்னல். அம்மாவும் மகளும் சேர்ந்தே வரலாம். வாசலில் நாலு மொழியில் எழுதியிருந்த பலகையை ஆயிஷா எழுத்துக்கூட்டிப் படித்தபோது பதுருன்னிசா மங்களத்தின் கையை இறுக்கிக்கொண்டாள்.

அவள் கணவர் அப்துல் கஃபார் கேம்பல் லேனில் சணல் சாக்குக் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாதவர், பேசினாலும் குரலை உயர்த்தாதவர். ஊர்வலம், வேலைநிறுத்தம், கல்வீச்சு என்று ஏதாவது ஒன்று ஊருக்குள் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மங்களக்கா கூட வந்தாப் போ. அவங்க இல்லாம வேணாம்,” என்றார். அப்படித்தான் மங்களம் அந்த வகுப்பில் சேர்ந்தாள். தையல் கற்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

டீச்சர் மிஸிஸ் டிக்ரூஸ் ஒரு யுரேஷியப் பெண்மணி. சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள், இவர்கள் எல்லோரிடமும் மலாயில்தான் பேசுவார். முதல் நாள் துணியே கொடுக்கவில்லை. நூல் கோக்காத ஊசியைக் காகிதத்தின்மேல் ஓட்டச் சொன்னார், கோடு நேராக வரும்வரை. மிதிப்பலகையைப் பாதம் ஒரே சீராக அழுத்த வேண்டும். மங்களம் அழுத்தினால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றும். துணிக்கு வந்த பிறகு நூல் அறுந்தது. அறுந்ததைக் கோத்தால் மறுபடி சுற்றிக்கொண்டு முடிச்சானது. பக்கத்து மெஷினில் பதுருன்னிசாவின் பாதங்கள் வெகுநாள் பழகியவை போல ஏறி இறங்கின. பேச்சு புரியாத இடத்தில்கூட டீச்சரின் விரலைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். கழுத்துப் பட்டி வளைவாகத் திரும்பும் இடத்தில் எல்லோருக்கும் துணி சுருங்கியது. அவளுக்குச் சுருங்கவில்லை. மிஸிஸ் டிக்ரூஸ் அதைத் தூக்கிப் பிடித்துக் கூடம் முழுவதற்கும் காட்டினார். மங்களம் கைதட்டினாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினாள்.

ஒரு வகுப்பில் மங்களம் சட்டைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். மறுபக்கத்திலிருந்து அதைப் பார்த்த ஆயிஷா, “பெரியம்மா சட்டைக்கு வாலு முளைச்சிருக்கு!” என்று சிரித்தாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. மங்களமும் சிரித்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் பதுருன்னிசா அந்தத் துணியை வாங்கிக்கொண்டுபோய், தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையாலேயே திருத்தித் தைத்துச் சத்தமில்லாமல் மங்களத்தின் பையில் வைத்துவிட்டாள். டீச்சர் திட்டிவிடக் கூடாதே என்று. அடுத்த வகுப்பில் மிஸிஸ் டிக்ரூஸ் அதை விரித்துப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார். இன்னொரு கையையும் இதேபோல இப்போது என் முன்னால் தைத்துக் காட்டு என்றார். மங்களம் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாப் பெண்களும் மிதிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். பதுருன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்கு அடுத்த வகுப்பு நாளில்தான் மங்களத்துக்கு முழங்கால் வலி வந்தது.

வலிக்கிறது என்று சொல்லும்போது அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தான் நின்றால் பதுருன்னிசா நிற்க வேண்டும். பதுருன்னிசா நின்றால் ஆயிஷாவும் போக முடியாது. இரண்டு வாரம் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆனால் பதுருன்னிசா ஒரு வார்த்தை முணுமுணுத்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் தைலப் போத்தலோடு அல்லவா வந்து நின்றாள்.

“காலு வலின்னு சொன்னே. தேக்கா மார்க்கெட் வரைக்கும் ரெண்டு கூடையோட போய்ட்டு வந்திருக்கே?” என்று ஒரு நாள் அவள் கணவர் சுந்தரம் கேட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மனிதர், வீட்டு விஷயத்தில் தலையிடாதவர்.

“கீழ நடந்தா வலிக்கலை. படியேறினாத்தான்.”

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

பொதுச் சமையலறையில் ஆயிஷா உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு நாள் மங்களம் ஒன்றைப் பார்த்தாள். பின்னல் ஊசிகள் நிலையத்தின் உடைமை, வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பிள்ளை இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சிகள் இரண்டைக் கழுவி, முனையைத் தரையில் தேய்த்து மழுக்கி, அத்தா கடைச் சணல் நூலை வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். சணல் முரடு. விரல் நுனிகள் சிவந்திருந்தன. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வளர்ந்திருந்தது.

“என்னடி இது?”

“கண்ணி போடறது மறந்துரும்ல பெரியம்மா. உங்களுக்குக் காலு சரியானதும் போகணும்ல.”

மங்களம் அடுப்பிலிருந்த உலையைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டாள்.

தேக்கா மார்க்கெட்டில் கீரைக் கட்டுகளுக்கு நடுவே மிஸிஸ் டிக்ரூஸைச் சந்தித்தபோது ஒளிய இடமில்லை. மங்களம் இரு கையிலும் கூடையோடு வேகமாக வந்துகொண்டிருந்தாள். “காக்கி சுடா பாயிக்கா?” என்றார் டீச்சர். கால் குணமாகிவிட்டதா என்று கேட்கிறார். கேட்டபடியே அந்தக் காலைப் பார்த்தார். பார்வையில் குற்றச்சாட்டு ஒன்றுமில்லை. அதைத்தான் மங்களத்தால் தாங்க முடியவில்லை. டீச்சர் அவளை ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். பின்னலுக்குப் பிள்ளைகள் நிறையச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சின்னச் சின்னத் தையலும் சொல்லிக்கொடுக்கத் துணைக்கு ஒருத்தி வேண்டும். பொறுமையான கை வேண்டும். உன் தோழியைத்தான் நினைத்திருந்தேன், அவள் வருவதே இல்லையே. வரும் வியாழக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு சீனப் பெண்ணைக் கேட்க வேண்டும்.

வீடுவரை நடந்தது மங்களத்துக்கு நினைவில்லை. படியேறும்போது கால் பழக்கத்தில் தானாக இழுத்தது. பாதிப் படியில் நின்று, நேராக்கிக்கொண்டு ஏறினாள்.

விஷயத்தைச் சொன்னபோது பதுருன்னிசாவுக்கு முதலில் புரியவில்லை. “என்னையா? பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவா? எனக்கு மலாயே பாதிதான வரும்,” என்றாள். புரிந்ததும் முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “உங்களுக்கு நெசமாவே நடக்க முடியுமாக்கா? எனக்காகச் சொல்லலையே?”

“முடியும். நல்லாயிருச்சு.”

சாயங்காலம் கஃபார் கடையிலிருந்து வந்ததும் மங்களத்தைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதுருன்னிசா தேநீர் வைத்தாள். ஆயிஷா மூலையில் குச்சிகளோடு இருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, சொல்லத் தயங்குகிறவர்போல அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நல்ல விஷயம்தான்க்கா. எனக்கும் சந்தோசம்தான். ஆனா யோசிச்சுப் பாத்தேன். வாரத்துல ரெண்டு நாளு, அவ்வளவு தூரம். உங்க காலை வெச்சுக்கிட்டு நீங்க இவளுக்காக நடக்கிறது பாவம் லா. நாளைக்கு மறுபடி வலி வந்துச்சுன்னா பிள்ளைங்களைப் பாதியில விட்டுட்டு இவ நிக்கணும். டீச்சருக்கும் சங்கடம். வேணாம்க்கா. விட்டுருவோம்.”

“அவுக சொல்றதும் சரிதான்க்கா,” என்றாள் பதுருன்னிசா. குரல் மட்டும் எங்கோ கீழே போய்விட்டது. “என் ஆசைக்கு உங்களை இழுத்துக்கிட்டுப் போகக் கூடாது.”

மங்களம் தேநீர்க் குவளையைப் பார்த்தாள். ஆவி இன்னும் அடங்கவில்லை. இப்போது பேசாமல் இருந்துவிட்டால் போதும். சொல்ல வந்த செய்தியைச் சொல்லியாயிற்று. வேண்டாம் என்றது அவர்கள்தான். யாரும் அவளை ஒன்றும் கேட்க மாட்டார்கள். நாளைக்கும் பதுருன்னிசா தைலத்தோடு வருவாள்.

“பாய், எனக்குக் கால் வலி இல்லை.”

“இப்ப இருக்காதுக்கா. நடந்தா...”

“எப்பவுமே இல்லை.”

கஃபார் சிரித்தார். மிகவும் மரியாதையான சிரிப்பு. “உங்க மனசு தெரியும்க்கா. இவளுக்காக இப்படிச் சொல்றீங்க. பரவாயில்லை.”

பொய்யைச் சொன்னபோது ஒரே வாக்கியத்தில் நம்பினார்கள். நிஜத்துக்கு அது போதவில்லை.  மங்களம் கஃபாரைப் பார்க்காமல் பதுருன்னிசாவைப் பார்த்துப் பேசினாள்.

“உனக்கு வருது பதுரு. எனக்கு வரலை. எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க அன்னிக்கு. என்னால தாங்க முடியலை. நான் நின்னா நீயும் நிக்கணும்னு தெரியும். தெரிஞ்சேதான் நின்னேன்.”

மூலையில் குச்சிகள் உரசும் சத்தம் நின்றது. கஃபார் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார், பிறகு கழற்றினார். பதுருன்னிசா தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்திருந்தாள். தைலம் தேய்த்த கைகள். அவற்றையே பார்த்துக்கொண்டு, யாரிடமோ சந்தேகம் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“வலிக்குமேன்னு மெல்ல மெல்லத் தேச்சேனேக்கா.”

மங்களம் எழுந்து தன் அறைக்குப் போனாள். அவளுடைய இரண்டு காலடியும் அன்று பலகைமேல் ஒரே சத்தத்தோடு விழுந்தன. மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

அதன் பிறகு பதுருன்னிசா சண்டை போடவில்லை. சமையலறையில் மங்களம் வந்தால் தன் பானையைச் சற்று நகர்த்தி இடம் விட்டாள். குழாயில் தண்ணீர் வரும்போது, “நீங்க பிடிச்சுக்கிடுங்க,” என்றாள். அவ்வளவுதான். அக்கா என்ற சொல் மட்டும் அதில் இல்லை. ஆயிஷா பெரியம்மா என்று வாய் திறக்கும்போதெல்லாம் அம்மாவின் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். சுந்தரம், “என்ன, பக்கத்து ரூம்ல சத்தத்தையே காணோம்?” என்று கேட்டபோது மங்களம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டினார். பிறகு, “சொல்லிட்டியே, அது வரைக்கும் நல்லது,” என்றார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. சொன்னதால் தன் மூச்சு லேசாயிற்று. அந்தப் பாரத்தை எடுத்து பதுருன்னிசாவின் கையில் அல்லவா வைத்துவிட்டோம் என்று தோன்றியது.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் பெட்டி திறக்கும் சத்தமும், ஆயிஷாவின் தலையை வாரும் சீப்புச் சத்தமும் கேட்டன. “கடைக்கு ஜொகூர்லேர்ந்து லோரி வருது, என்னால கூட வர முடியாது. நீயும் பிள்ளையுமாப் போங்க. ரோட்டைப் பாத்துக் கடங்க,” என்று கஃபார் சொல்வது கேட்டது. மங்களம் எழுந்து முகம் கழுவினாள். வேறு சேலை மாற்றினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. படியில் அவர்களுடைய செருப்புச் சத்தம் கீழே போய்த் தேய்ந்த பிறகு, வகுப்புக்குக் கொண்டுபோகும் துணிப்பையை எடுத்துக்கொண்டு அவளும் இறங்கினாள்.

அவர்கள் முன்னால் போனார்கள். இவள் நாலைந்து கடைகள் தள்ளிப் பின்னால் போனாள். சிராங்கூன் ரோட்டைக் கடக்கும் இடத்தில் பதுருன்னிசா வெகுநேரம் நின்றாள். பஸ் ஒன்று, மாட்டு வண்டி ஒன்று, மறுபடி பஸ். மங்களத்தின் வாய்வரை வந்தது, இப்போ போ என்று. சொல்லவில்லை. பதுருன்னிசா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்கிற மாதிரித் தலையைக் குனிந்து ஒரே ஓட்டமாகக் கடந்தாள். மறுபக்கம் போய் நின்று மூச்சு வாங்கினாள். அப்போது திரும்பினாள். மங்களத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. திரும்பி நடந்தாள்.

மழை அதற்குப் பிறகுதான் பிடித்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வானத்தையே கவிழ்த்த மாதிரி. பதுருன்னிசா கஃபாரின் கறுப்புக் குடையை விரித்தாள். மங்களம் கடைகளின் அஞ்சடி வழியாகவே நனையாமல் வந்தாள். ஆனால் அஞ்சடி கடைசிக் கடையோடு முடிந்துபோனது. அதன் பிறகு திறந்த திடல்தான், அந்தக் கோடியில் சமூக நிலையத்தின் துத்தநாகக் கூரை. மங்களம் கடைசித் தூணோடு ஒட்டி நின்றாள். குடையின் கீழே தாயும் மகளும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு புல்லில் நடந்து, வராந்தாவில் ஏறினார்கள். பதுருன்னிசா குடையை மடக்கித் தண்ணீரை உதறினாள். உள்ளே பிள்ளைகளின் இரைச்சல், அதற்குமேல் மிஸிஸ் டிக்ரூஸின் குரல். வாசலில் யாரோ வந்து பதுருன்னிசாவின் இரண்டு கைகளையும் பிடித்து உள்ளே இழுத்தார்கள். கூடத்தில் விளக்கைப் போட்டார்கள். மழைக்கு நடுவே அந்த மஞ்சள் சதுரம் கொஞ்சம் கலங்கித் தெரிந்தது.

மங்களம் துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தூணுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்த ரிக்‌ஷாக்காரச் சீனர் தள்ளி நின்று இடம் கொடுத்தார். திரும்பிப் போகலாமா என்று தெருவைப் பார்த்தாள். மீண்டும் திடலைப் பார்த்தபோது வராந்தாவில் யாரும் இல்லை. ஆனால் புல்லின் நடுவே அந்தக் கறுப்புக் குடை விரிந்து வந்துகொண்டிருந்தது. காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து. பிடித்திருந்தவளின் முகமோ தோளோ தெரியவில்லை. பாவாடை நனைந்து ஒட்டிய இரண்டு சின்னக் கால்கள் மட்டும், தேங்கிய தண்ணீர்க் குட்டை ஒவ்வொன்றையும் தாண்டித் தாண்டி அவளை நோக்கி வந்தன.